ஓடும் டிவி, நிற்கும் வண்டி

வேலைக்குப் போகும் காலத்தில் வண்டிக்கு ஓய்வு கிடையாது, டிவிக்கு வேலை கிடையாது. பணி ஓய்வு பெற்ற மறுமாதமே இது தலைகீழாகிவிடும். காலையில் செய்தி, மதியம் அதே செய்தியின் மறு ஒளிபரப்பு, இரவு விவாதம் என்று டிவி நாளெல்லாம் ஓடும். வண்டி உறையைப் போர்த்திக்கொண்டு வாசலில் நிற்கும். கொஞ்ச நாளில் இரண்டுமே மக்கர் பண்ண ஆரம்பிக்கும். ஒன்று ஓடி ஓடி, இன்னொன்று நின்று நின்று. "வண்டியைத் தொடவே இல்லையே, எப்படிக் கெட்டுப்போச்சு?" என்று மெக்கானிக்கிடம் கேட்பவர்கள் உண்டு. தொடாததுதான் காரணம்.

முதலில் பேட்டரி. நிற்கும் காரில் முதல் பலி அதுதான். சாவியை எடுத்துப் பூட்டிவிட்டாலும் வண்டிக்குள் சில சாதனங்கள் தூங்குவதில்லை. கடிகாரம், திருட்டு அலாரம், ரிமோட் சாவியின் சிக்னலுக்குக் காது கொடுத்துக்கொண்டிருக்கும் ரிசீவர், என்ஜின் கம்ப்யூட்டரின் நினைவகம் எல்லாம் சேர்ந்து 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பார்க்கச் சின்ன எண்தான். 50 மில்லி ஆம்பியர் என்று வைத்துக் கணக்குப் போட்டால், பேட்டரியின் கொள்ளளவை அளக்கும் அலகில் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி. 40 ஆம்பியர்-மணி பேட்டரி பதினேழு நாளில் பாதி காலி. பேட்டரி தானாகவே இழக்கும் சார்ஜ் இதில் சேரவில்லை.

பாதி காலியான பேட்டரியை அன்றே சார்ஜ் ஏற்றினால் பெரிய நஷ்டம் இல்லை. அப்படியே வாரக்கணக்கில் விடுவதுதான் ஆபத்து. சார்ஜ் இறங்கும்போது உள்ளே இருக்கும் ஈயத் தட்டுகளில் ஈய சல்பேட் படியும். புதிதாகப் படிந்தது சார்ஜ் ஏறும்போது கரைந்துவிடும். நாளானது கெட்டியான படிகமாக இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் கொடுத்தாலும் கரையாது. "நேத்துதான் சார்ஜ் போட்டேன், இன்னைக்கு மறுபடி டவுன்" என்பதன் பின்னால் பெரும்பாலும் இந்தப் படிகங்கள்தான் இருக்கும்.

இதை ஊகித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. சாதாரண மல்டிமீட்டர் ஒன்று போதும். வண்டி ஓடி நின்று சில மணி நேரம் கழித்து, முடிந்தால் மறுநாள் காலையில், டிசி 20 வோல்ட் அளவில் வைத்து பேட்டரியின் இரண்டு முனைகளிலும் தொட்டுப் பாருங்கள். 12.6 அல்லது அதற்கு மேல் என்றால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால். 12.2 பாதி. 12.0 கால். 11.8-க்குக் கீழே போயிருந்தால் காலி என்றே வைத்துக்கொள்ளலாம். முக்கால் லிட்டர் பாட்டிலில் கால் லிட்டர் குறைந்தால் கண்ணுக்குத் தெரியும். இங்கே முழுமைக்கும் பாதிக்கும் நடுவே 0.4 வோல்ட்தான் வித்தியாசம். அதனால் "12 காட்டுது, நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிடக் கூடாது. வண்டி ஓடி நின்ற உடனே அளந்தால் மேலோட்டமான சார்ஜ் ஏமாற்றிவிடும், அதற்காகத்தான் இந்தக் காத்திருப்பு.

அடுத்து, மீட்டரை அப்படியே வைத்துக்கொண்டு வேறொருவரை ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். செல்ஃப் சுழலும் அந்த ஒன்றிரண்டு விநாடியில் எண் இறங்கும். 10-க்கு மேல் நின்றால் பரவாயில்லை. 9-க்குப் பக்கத்தில் விழுந்தால் பேட்டரியில் தெம்பு இல்லை. என்ஜின் ஓடத் தொடங்கியதும் 13.8-லிருந்து 14.5-க்குள் வந்து நிற்க வேண்டும். 12.5-லேயே உட்கார்ந்திருந்தால் பேட்டரியைத் திட்டிப் பயனில்லை, என்ஜின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் சார்ஜ் கொடுக்கவில்லை. புது பேட்டரி வாங்கிப் போட்டு, அதுவும் பத்து நாளில் படுத்த பிறகு இதைக் கண்டுபிடிப்பவர்கள் அதிகம்.

தினமும் காலையில் ஐந்து நிமிடம் வண்டியை நின்ற இடத்திலேயே ஸ்டார்ட் பண்ணி விடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. நல்ல எண்ணம், தவறான வைத்தியம். ஐடிலிங்கில் ஆல்டர்னேட்டர் மெதுவாகச் சுற்றும், தரும் மின்சாரமும் குறைவு. அதில் ஃபேனும் விளக்கும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் பேட்டரிக்குத் தரும். கணக்கு பாருங்கள். 30 மில்லி ஆம்பியர் கசிவு என்றாலும் ஒரு வாரத்துக்கு, அதாவது 168 மணி நேரத்துக்கு, 5 ஆம்பியர்-மணி போயிருக்கும். சாலையில் ஓடும்போது பேட்டரிக்கு 10 ஆம்பியர் ஏறுகிறது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் அதை ஈடுகட்ட அரை மணி நேரம் வேண்டும். அதனால் வாரத்துக்கு ஒருமுறை, ஒரே ஓட்டமாக, 30 முதல் 40 நிமிடம், ஓரளவு வேகம் எடுக்கக்கூடிய சாலையில். இரவு விவாதத்தில் விளம்பர இடைவேளையோடு சேர்த்து அவ்வளவு நேரம்தான் போகிறது.

நின்ற இடத்தில் ஓட்டுவதில் இன்னொரு கேடும் உண்டு. பெட்ரோல் எரியும்போது நீராவி உண்டாகும். என்ஜின் நன்றாகச் சூடேறினால் அது புகைக்குழாய் வழியே வெளியேறிவிடும். ஐந்து நிமிடத்தில் நிறுத்தினால் ஆறி நீராகி சைலன்சரிலும் ஆயிலிலும் தங்கும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உட்புறம் பாருங்கள். வெண்ணெய் தடவியதுபோல் வெள்ளையாக, பழுப்பாக ஏதாவது ஒட்டியிருந்தால் அது ஆயிலும் நீரும் கலந்த குழம்பு. நீண்ட ஓட்டம் இரண்டு மூன்று போனதும் மறைந்துவிட்டால் பயமில்லை. மறையாமல், என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்டின் அளவும் குறைந்துகொண்டே வந்தால், அதை ஆயிலோடு கலக்காமல் தடுக்கும் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும். "ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடலை, ஆயில் எதுக்கு மாத்தணும்?" என்ற கேள்விக்கும் பதில் இதுதான். ஓடாவிட்டாலும் வருடத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டும். குறுகிய ஓட்டங்களில் சேரும் நீரும் அமிலமும் கிலோமீட்டர் கணக்கில் வராது.

வாரம் ஒருமுறை ஓட்டியும் பேட்டரி இறங்குகிறதா? கசிவை அளந்துவிடலாம். மல்டிமீட்டரின் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, திருகை டிசி ஆம்பியரில் வையுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, அந்த வயருக்கும் நெகட்டிவ் முனைக்கும் நடுவே மீட்டரைச் சேருங்கள். கதவை மூடிப் பூட்டி, 20 முதல் 30 நிமிடம் அசையாமல் விடுங்கள். முதலில் எண் ஆம்பியர் கணக்கில் துள்ளும், பிறகு வண்டியின் கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாகத் தூங்கப் போகப் போக இறங்கும். இந்தப் பொறுமை இல்லாமல் உடனே பார்த்துவிட்டு "ஐயோ, இவ்வளவு கசிவா" என்று பதறுபவர்கள் உண்டு. கடைசியில் 0.05-க்குள் அடங்கினால் சரி. அதற்கு மேலேயே நின்றால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவிப் பாருங்கள். எந்த ஃபியூஸை எடுத்ததும் எண் சட்டென்று விழுகிறதோ, திருடன் அந்த வரிசையில் இருக்கிறான். டிக்கி விளக்கு அணையாமல் எரிவது, வெளியே வாங்கிப் பொருத்திய கேமரா, பாட்டு சிஸ்டம் இவைதான் வழக்கமான திருடர்கள். மீட்டர் இணைப்பில் இருக்கும்போது மறந்தும் ஸ்டார்ட் பண்ணக் கூடாது. செல்ஃப் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும், மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

முனைகளில் வெள்ளையாகவோ பச்சை கலந்த நீலமாகவோ பூத்திருப்பதைத் துடைப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். காரணம் எளிது: ஸ்பேனர் பாசிட்டிவ் முனையில் இருக்கும்போது வண்டியின் உடம்பில் பட்டால், நெகட்டிவ் மாட்டியிருந்தால் நேரடி ஷார்ட்; கழற்றியிருந்தால் ஒன்றும் ஆகாது. ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடா கரைத்து, பழைய பல் துலக்கியால் தேயுங்கள். நுரைக்கும், நுரை அடங்கியதும் நல்ல நீரால் கழுவித் துடைத்து உலரவிடுங்கள். சோடா நீர் பேட்டரி மூடி வழியே உள்ளே இறங்கிவிடக் கூடாது, அமிலத்தைக் கெடுத்துவிடும். மாட்டி முறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவலாம். மாட்டுவதற்கு முன்பே தடவி, "கனெக்‌ஷன் சரியில்லையே" என்று தேடக் கூடாது.

ஸ்டார்ட் ஆகாதபோது வண்டி போடும் சத்தத்துக்கு அர்த்தம் உண்டு. சாவியைத் திருப்பியதும் "டிக்டிக்டிக்" என்று வேகமாகத் துடித்தால் சார்ஜ் இல்லை. ஒரே ஒரு "டொக்" என்று நின்றால் செல்ஃப் மோட்டார், அதற்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சொலினாய்டு அல்லது தளர்ந்த முனை. சத்தமே இல்லாமல் டேஷ்போர்டு விளக்குகள் மட்டும் பளிச்சென்று எரிந்தால் ரிலே, கியர் அல்லது கிளட்ச் சுவிட்ச். செல்ஃப் நன்றாகச் சுழன்றும் என்ஜின் பிடிக்காவிட்டால் பேட்டரியை விட்டுவிடுங்கள். பெட்ரோல் வரவில்லை அல்லது தீப்பொறி வரவில்லை. போனில் மெக்கானிக்கிடம் இந்த நான்கில் ஒன்றைச் சொன்னால் அவர் சரியான சாமானோடு வருவார். "வண்டி ஸ்டார்ட் ஆகலை" என்று மட்டும் சொன்னால் வெறுங்கையோடு வந்து பார்த்துவிட்டு மறுபடி போவார்.

பக்கத்து வண்டியிலிருந்து ஜம்ப் கொடுக்கும்போது சிவப்பு வயரை முதலில் இறந்த பேட்டரியின் பாசிட்டிவில், பிறகு நல்ல பேட்டரியின் பாசிட்டிவில். கறுப்பு வயரை நல்ல பேட்டரியின் நெகட்டிவில் மாட்டி, அதன் மறுமுனையை இறந்த வண்டியின் என்ஜினில், பெயின்ட் இல்லாத உலோகத்தில், பேட்டரியிலிருந்து தள்ளி. கடைசி இணைப்பில் பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். இரண்டும் ஒரே இடத்தில் சந்திக்கக் கூடாது என்பதால்தான் தள்ளி வைப்பது.

ஸ்கூட்டர், பைக் வைத்திருப்பவர்களுக்கு: கார்புரேட்டர் வண்டி என்றால் செல்ஃப் போனாலும் கிக்கர் காப்பாற்றும். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் பெட்ரோல் பம்பே மின்சாரத்தில்தான் ஓடுகிறது. பேட்டரி அடியோடு காலியானால் காலால் எவ்வளவு உதைத்தாலும் பிடிக்காது, முழங்கால் வலிதான் மிச்சம். கார்புரேட்டர் வண்டியை ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்தப் போகிறீர்கள் என்றால் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, தானாக அணையும்வரை ஓடவிடுங்கள். கார்புரேட்டரின் கிண்ணத்தில் தங்கும் பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதி பறந்துவிட்டு, மிச்சம் பிசின்போல், பெட்ரோல் பாயும் ஜெட்டின் ஊசித்துளையை அடைக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் அளவுக்கு மீறினால் எத்தனாலும் நீரும் சேர்ந்து டாங்க்கின் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். நீண்ட நாள் நிறுத்தும்போது டாங்க்கை ஏறக்குறைய நிரப்பி வைக்கச் சொல்வது, உள்ளே ஈரக் காற்றுக்கு இடம் குறையட்டும் என்றுதான். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தினால் டயருக்கும் நல்லது.

டயர் என்றதும் எல்லாரும் பட்டனைப் பார்ப்பார்கள், அதாவது தேய்மானத்தை. 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்தால் மாற்ற வேண்டும், உண்மை. ஆனால் ஓய்வு பெற்றவர் வண்டி டயர் தேய்ந்து சாவதில்லை, வயதாகிச் சாகிறது. டயரின் பக்கவாட்டில் டாட் (DOT) என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. ஒரு பக்கச் சுவரில் இது இல்லாவிட்டால் மறுபக்கத்தில் இருக்கும். ஆறு வயது தாண்டினால் வருடந்தோறும் விரிசல் பார்க்க வேண்டும். பத்து வயதானால் பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் விடைகொடுத்துவிட வேண்டும். காற்று மாதத்துக்கு ஒன்றிரண்டு பிஎஸ்ஐ தானாகவே இறங்கும், ஓட்டாவிட்டாலும்.

மற்றவை சுருக்கமாக. மழைக்குப் பின் டிஸ்க்கில் தெரியும் செம்மண் நிறத் துரு நாலைந்து பிரேக்கில் போய்விடும். கார் வாரக்கணக்கில் நிற்கப்போகிறது என்றால் சமதளத்தில் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக்கைத் தளர்த்திவிடுங்கள். இழுத்தே வைத்தால் பின் சக்கரத்தில் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். எலி விஷயத்தில் எந்த மருந்தையும் முழுதாக நம்ப முடியாது. வாரம் ஒருமுறை பானெட்டைத் திறந்து, ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் பஞ்சும் தாளும் சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதே சிறந்த காவல். எலிக்கும் ஓடாத வண்டிதான் பிடிக்கும்.

இனி ஓடிக்கொண்டே இருப்பவருக்கு வருவோம்.

டிவியைப் பற்றி ஓய்வு பெற்றவர் வீடுகளில் எழும் முதல் சண்டை படத்தைப் பற்றியது அல்ல, சத்தத்தைப் பற்றியது. "ஏன் இவ்வளவு அலறவிடறீங்க?" என்று ஒருவர், "என்ன பேசறாங்கன்னே புரியலை" என்று மற்றவர். இருவர் சொல்வதும் உண்மை. வயதாகும்போது காது எல்லாச் சத்தத்தையும் சமமாக இழப்பதில்லை. மேல் ஸ்தாயிதான் முதலில் போகும். பேச்சில் உயிரொலிகள் கீழ் ஸ்தாயியில், பலமாக ஒலிப்பவை. க், ச், ட், த், ப் போன்ற மெய்களின் அடையாளம் பெரும்பாலும் மேல் ஸ்தாயியில், மெல்லியதாக இருக்கும். கட்டம், சட்டம், பட்டம் மூன்றையும் பிரித்துக் காட்டுவது அந்த முதல் மெய்தான். அது கேட்காதபோது மூன்றும் "அட்டம்" ஆகிவிடும். சத்தத்தைக் கூட்டினால் ஏற்கெனவே பலமாக இருக்கும் உயிரொலிதான் இன்னும் அலறும். சட்டசபைச் செய்தி பார்ப்பவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

அதனால் வால்யூமை விட்டுவிட்டு சவுண்ட் அமைப்புக்குள் போங்கள். குரல், பேச்சு, செய்தி என்ற பெயரில் ஒரு மோடு பெரும்பாலான டிவிகளில் இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள். தனியாகச் சரிசெய்ய முடிந்தால் கீழ் ஸ்தாயியான பேஸைக் குறைத்து, மேல் ஸ்தாயியான டிரெபிளைக் கூட்டுங்கள். சரவுண்ட் அணைந்திருக்கட்டும். செட்-டாப் பாக்ஸின் ஆடியோவை ஸ்டீரியோவில் வையுங்கள். பல ஸ்பீக்கர்களுக்காகப் பிரித்த ஒலியை இரண்டு ஸ்பீக்கருக்குள் அடைக்கும்போது பேச்சுதான் பின்னால் தள்ளப்படும். ஆட்டோ வால்யூம் இருந்தால் போடுங்கள், விளம்பரம் வரும்போது தூக்கிவாரிப் போடாது. மெல்லிய டிவிகளில் ஸ்பீக்கர் கீழ்நோக்கியோ சுவரை நோக்கியோ இருக்கும், பேசுபவர் முதுகைக் காட்டிக்கொண்டு பேசுவதுபோல. சின்ன சவுண்ட்பார் ஒன்றை முன்னால் வைத்தாலே பாதி சண்டை தீரும். இவ்வளவுக்குப் பிறகும் புரியவில்லை என்றால் கோளாறு டிவியில் இல்லை, காதைப் பரிசோதிக்க வேண்டும். கண்ணாடி போடத் தயங்காதவர்கள் காதுக் கருவிக்கு ஏன் இவ்வளவு யோசிக்கிறார்கள் என்பது விளங்காத ஒன்று.

படத்தில் ஒரே ஒரு மாற்றம் ஆயுளைக் கூட்டும். கடை வெளிச்சத்தில் எடுபடுவதற்காக விவிட், டைனமிக் போன்ற மோடுகளில் வெளிச்சம் உச்சத்தில் இருக்கும். வீட்டில் அது தேவையே இல்லை. ஸ்டாண்டர்டு அல்லது சினிமா மோடுக்கு மாற்றி, திரைக்குப் பின்னால் எரியும் விளக்கான பேக்லைட்டைப் பாதியளவுக்குக் கொண்டுவாருங்கள். எல்இடி டிவியில் முதலில் போவது பெரும்பாலும் அந்தப் பேக்லைட்தான். சத்தம் வருகிறது, படம் இல்லை என்றால் அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் திரைக்கு அருகே சாய்த்து அடித்துப் பாருங்கள். மங்கலாக உருவங்கள் அசைந்தால் பேனல் உயிரோடு இருக்கிறது, பேக்லைட் மட்டும் போயிருக்கிறது, பழுதுபார்க்க முடியும். பேனல் உடைந்திருந்தால் பெரும்பாலும் புது டிவியே வாங்கிவிடலாம் என்ற நிலைதான். கடைக்காரரிடம் பேசப் போகும் முன் இந்த ஒரு நிமிடச் சோதனை கைகொடுக்கும்.

ஓஎல்இடி டிவி வைத்துக்கொண்டு நாள் முழுக்கச் செய்தி பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், ஒளிர்ந்த அளவுக்குத் தேயும். மூலையில் அசையாத சேனல் முத்திரை, கீழே எப்போதும் நிற்கும் சிவப்புப் பட்டை ஆகியவை அதே இடத்துப் புள்ளிகளை நாளுக்குப் பல மணி நேரம் வேலை வாங்கும். வருடக்கணக்கில் போனால் சினிமா பார்க்கும்போதும் "முக்கியச் செய்தி" பட்டையின் நிழல் திரையில் தங்கிவிடும். ஒரே சேனலைப் பிடித்துக்கொண்டு உட்காராமல் இருப்பது கண்ணாடிக்கும் நல்லது, கருத்துக்கும் நல்லது. சாதாரண எல்இடி டிவியில் இந்தப் பயம் அநேகமாக இல்லை.

ரிமோட் வேலை செய்யவில்லையா, போனின் கேமராவைத் திறந்து, ரிமோட்டின் முனையை அதற்குக் காட்டி பட்டனை அழுத்துங்கள். திரையில் ஊதா கலந்த வெள்ளையாக மினுக்கினால் ரிமோட் நன்றாக இருக்கிறது. சில போன்களின் பின் கேமரா இந்த ஒளியை வடிகட்டிவிடும், செல்ஃபி கேமராவில் பாருங்கள். "சிக்னல் இல்லை" என்று வந்தால் ஆளைக் கூப்பிடும் முன் சோர்ஸ் பட்டனை அழுத்தி எச்டிஎம்ஐ 1, 2 என்று மாற்றிப் பாருங்கள்; பேரப்பிள்ளைகள் விளையாடிவிட்டுப் போன மறுநாள் வரும் கோளாறு இது. டிஷ் வைத்திருந்தால் மழை முடிந்த பின்னும் படம் கட்டம் கட்டமாக உடைந்துகொண்டே இருக்கிறதா என்று கவனியுங்கள். கொட்டும்போது மட்டும் உடைந்தால் இயற்கை. நின்ற பிறகும் உடைந்தால் கேபிள் முனையில் நீர் இறங்கி, நடுச் செம்புக் கம்பி பச்சை பிடித்திருக்கும். முனையை வெட்டிப் புதிதாகப் போட்டு, டிஷ்ஷில் சேருமிடத்துக்கு முன் கேபிளைத் தொங்கலாக ஒரு வளைவு விட்டால் நீர் அங்கேயே சொட்டிவிடும்.

இடி மின்னலின்போது ஸ்டெபிலைசரை நம்பாதீர்கள். பிளக்கைப் பிடுங்குங்கள், கூடவே டிஷ் அல்லது ஆன்டெனா கேபிளையும் கழற்றுங்கள். மின்னலின் தாக்கம் அந்த வழியிலும் வரும். இடி தலைக்கு மேல் வருவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். ரிமோட்டால் அணைப்பதைப் பற்றியும் ஒரு கணக்கு: டிவி ஸ்டாண்ட்பையில் எடுப்பது அற்பம், சுமார் அரை வாட். செட்-டாப் பாக்ஸ் அப்படியில்லை. அது 10 வாட் எடுப்பதாக வைத்தால் மாதம் 7.2 யூனிட், யாரும் பார்க்காமலேயே. இரவில் சுவிட்சை அணைத்துவிடலாம்.

டிவி சரியாகிவிட்டது, பேச்சும் தெளிவாகக் கேட்கிறது. அடுத்த தொல்லை, என்ன பேசுகிறார்கள் என்பது. எந்தக் கட்சி என்பது அவரவர் பாடு. எண்களைப் பற்றி மட்டும் சொல்லலாம், ஏனென்றால் மல்டிமீட்டரைப்போல அதற்கும் அளவுகள் உண்டு.

கருத்துக்கணிப்பில் 1,000 பேரிடம் கேட்டிருந்தால், அவர்களை எந்தச் சாய்வும் இல்லாமல் பொறுக்கியிருந்தாலே, ஒவ்வொரு கட்சியின் எண்ணிலும் 3 சதவீதப் புள்ளி மேலேயோ கீழேயோ பிழை இருக்கலாம். 2,000 பேர் என்றால் 2.2. 10,000 பேர் என்றால் 1. இரண்டு கட்சிகளுக்கு நடுவிலான இடைவெளியில் இந்தப் பிழை ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பதைத்தான் திரையில் யாரும் சொல்வதில்லை. 1,000 பேர் கணிப்பில் ஒருவருக்கு 42, மற்றவருக்கு 39 என்றால் அது முன்னிலை அல்ல, தராசின் நடுக்கம்.

பொறுக்குவது சரியில்லை என்றால் எண்ணிக்கை எவ்வளவு பெரிதாக இருந்தும் உதவாது. 1936-இல் அமெரிக்காவில் லிட்டரரி டைஜஸ்ட் என்ற வார இதழ் சுமார் ஒரு கோடி பேருக்கு அட்டை அனுப்பி, 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்களை வாங்கி, ஜனாதிபதித் தேர்தலில் லாண்டன் வெல்வார் என்று அறிவித்தது. அவரை எதிர்த்து நின்ற ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ அள்ளினார். இதழ் முகவரி எடுத்தது டெலிபோன் டைரக்டரியிலிருந்தும் கார் பதிவேட்டிலிருந்தும். பொருளாதாரம் சரிந்து கிடந்த அந்த ஆண்டில் போனும் காரும் வைத்திருந்தவர்கள் ஊரின் மாதிரி ஆவார்களா? அட்டையைத் திருப்பி அனுப்பியவர்களும் ஒரு பக்கம் சாய்ந்தவர்கள். சேனல்கள் நடத்தும் "உங்கள் ஓட்டைப் போன் வழியாகப் பதிவு செய்யுங்கள்" கணிப்புக்கும் இதே வியாதிதான்.

விலைவாசி விவாதத்தில் ஒரு பழைய வித்தை: பணவீக்கம் 8-லிருந்து 4 ஆகக் குறைந்துவிட்டது என்று ஆளும் தரப்பு சொல்லும், விலை குறையவே இல்லையே என்று எதிர்த்தரப்பு கத்தும். இரண்டுமே உண்மையாக இருக்கலாம். 100-க்கு விற்றது முதல் வருடம் 108 ஆனது, அடுத்த வருடம் 112.32 ஆனது. ஏறும் வேகம் பாதியாகிவிட்டது, விலையும் ஏறித்தான் இருக்கிறது. அதேபோல் ஏதோ ஒரு விகிதம் 40-லிருந்து 44 சதவீதம் ஆனால், ஒருவர் 4 புள்ளி உயர்வு என்பார், இன்னொருவர் 10 சதவீத உயர்வு என்பார். யாரும் பொய் சொல்லவில்லை. வரைபடம் காட்டினால் கம்பங்களைப் பார்க்காதீர்கள், அடிக்கோடு எந்த எண்ணில் தொடங்குகிறது என்று பாருங்கள். 90-இல் தொடங்கினால் 92-உம் 96-உம் ஒன்றுக்கு மூன்று மடங்கு உயரமாகத் தெரியும்.

வாக்கு எண்ணும் நாளன்று காலை முதல் மணி நேரத்து முன்னிலைகளுக்கு மதிப்பு குறைவு. எந்தப் பகுதியின் வாக்கு முதலில் எண்ணப்படுகிறதோ அதன் சாய்வுதான் திரையில் நிறமாகத் தெரியும். ஒருவர் 3,000 வாக்கு முன்னிலை என்றால், இன்னும் எண்ண வேண்டியது எவ்வளவு என்ற எண்ணைத் தேடுங்கள். அது 5,000 என்றால் ஏறக்குறைய முடிந்த கதை. ஒரு லட்சம் என்றால் கதை தொடங்கவே இல்லை. பெரும்பாலான சேனல்களில் முதல் எண் பெரிதாக இருக்கும், இரண்டாவது எண் இருக்கவே இருக்காது.

எப்படியும் அன்று டிவி முன்னிருந்து எழப்போவதில்லை என்பதால், பேட்டரி சார்ஜருக்கு அது ஏற்ற நாள். வண்டியைக் காற்றோட்டமான இடத்தில் நிறுத்தி, நீர் ஊற்றும் வகைப் பேட்டரி என்றால் மூடியைத் திறந்து பாருங்கள். தட்டுகள் மூழ்காமல் இருந்தால் மூழ்கும் அளவுக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர் விடுங்கள். அமிலம் விடவே கூடாது. சார்ஜ் ஓட்டம் பேட்டரி அளவில் பத்தில் ஒரு பங்கு: 40 ஆம்பியர்-மணிக்கு 4 ஆம்பியர். கிளிப்புகளை மாட்டிய பிறகுதான் சார்ஜரின் சுவிட்சைப் போட வேண்டும். பாதி இறங்கிய பேட்டரிக்கு 20 ஆம்பியர்-மணி திரும்ப ஏற வேண்டும். கணக்குப்படி 5 மணி நேரம், இழப்பும் கடைசியில் மெதுவாக ஏறுவதும் சேர்த்து 6, 7 மணி நேரம். முதல் சுற்று முன்னிலை வரும்போது சுவிட்சைப் போட்டால், தோற்றவர்கள் பேட்டி கொடுக்கத் தொடங்கும்போது சார்ஜ் முடிந்திருக்கும். நீர்மட்டத்தை அப்போது மறுபடி பார்த்து, குறி வரைக்கும் நிரப்புங்கள். சுவிட்சை அணைத்து, கறுப்புக் கிளிப்பை முதலில் கழற்றுங்கள்.